வெண்வால் மான் வேட்டை: வழிமரபுகளும் தர அளவும்

வெண்வால் மான் வேட்டை என்னும் ஒரு பெயரின்கீழ், நிலத்துக்கும் பனிக்கும் காட்டின் அடர்த்திக்கும் ஏற்பப் பிரிந்து வளர்ந்த வழிகள் பல அடங்கியுள்ளன. மெயின் மாநிலத்துப் பனிக்காட்டில் ஒற்றைச் சுவட்டை விடியல் தொடங்கிப் பொழுது சாயும்வரை தொடர்ந்து செல்பவரும், தெற்குக் கரோலினாவின் சதுப்பு ஓரத்தில் நாய்களின் குரல் நெருங்குவதைக் கேட்டபடி நிற்பவரும், டெக்சாஸின் புதர்வெளியில் பெட்டிப் பரணுக்குள் அமர்ந்திருப்பவரும் வேட்டையாடுவது ஒரே விலங்கைத்தான் என்றாலும், இவர்களுள் ஒருவர் மற்றவர் செய்வதை வேட்டை என்று மனமார ஒப்புவது அரிது. மூத்தோர் பணித்தபடி சங்கத்தின் மலருக்கென எழுதப்படும் இக்கட்டுரை, அவ்வழிகளை அருகருகே வைத்து நோக்கி, அவை தத்தமக்கு வகுத்துக்கொண்ட தர அளவுகளை எடைபோட முயல்கிறது. மானின் வாழ்வியலும் பருவ விதிகளும் உறுப்பினர் யாவரும் அறிந்தவை ஆதலின் அவை இங்கு விரிக்கப்படவில்லை. புதியோர் பொருட்டுக் கலைச்சொற்களுக்கு மட்டும் ஆங்காங்கே பொருள் தரப்படுகிறது. ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை, குட்டிக்கு மறி எனத் தமிழ் தனித்தனிப் பெயர் வைத்திருப்பது இப்பொருளை எழுதுவோர்க்குப் பெரிய வசதி என்பதால் அச்சொற்களே ஆளப்படுகின்றன.

தர அளவு என்ற பேச்சே இவ்வேட்டையில் எழுந்ததற்குக் காரணம் ஒரு பேரிழப்பு. சந்தைக்காகச் சுட்டவர்களின் கைவண்ணத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாடெங்கும் சில இலட்சம் வெண்வால் மான்களே எஞ்சியிருந்தன என்றும், இன்று அத்தொகை ஏறத்தாழ மூன்று கோடி என்றும் பொதுவாக மதிப்பிடுவர். கள்ள வேட்டை இறைச்சி மாநில எல்லை கடப்பதைத் தடுத்த 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டமும், ரைபிள், தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குத் திருப்பிவிட்ட 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டமும் இம்மீட்சியின் இரு தூண்கள். தியடோர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்டு கிரின்னலும் 1887-இல் தோற்றுவித்த பூன் அண்ட் கிராக்கெட் கழகம் அறவேட்டை என்னும் கருத்தை, அதாவது விலங்குக்குத் தப்பிக்க உண்மையான வாய்ப்பை விட்டுவைத்தே வேட்டையாட வேண்டும் என்ற கொள்கையை, எழுத்தில் வகுத்தது. எல்லா வழிகளும் இன்று இக்கொள்கையைத் தமதென்றே சொல்லிக்கொள்கின்றன. அதன் பொருளில்தான் வேறுபாடு.

வழிகளுள் மூத்தது மண்ணின் மக்களுடையது. பேரேரிகளைச் சூழ்ந்த நாட்டில் ஒஜிப்வே மக்கள் வாவாஷ்கேஷி என்று அழைக்கும் இம்மானை வலைக்கண்ணியாலும், கூட்டமாய் வளைத்துக் கலைத்தும், இரவில் ஓடத்தின் முனையில் தீப்பந்தம் ஏற்றி நீர் அருந்த வரும் மானை அணுகியும் கொண்டனர். கொண்டபின் புகையிலை படைத்து நன்றி சொல்லும் வழக்கம் இன்றும் அவர்களிடம் உண்டு. 1837, 1842 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது வேட்டையுரிமையை அவர்கள் கொடுக்கவில்லை என்பதை 1983-இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. பிற வழியினர் தம் மரபின் தொன்மையைப் பற்றிப் பேசும் இடங்களில் இச்செய்தியையும் நினைவில் கொள்வது நல்லது.

அடுத்து வருவது முகாம் வழி. விஸ்கான்சினில் நன்றிநாளுக்கு முந்திய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவமும், மிச்சிகனில் நவம்பர் 15-ஆம் நாள் என்ற மாறாத தொடக்கமும் ஓர் ஊரையே காலியாக்கிக் காட்டுக்குள் அனுப்புபவை. தார்த்தாள் போர்த்திய மரக்குடிசை, இரும்பு விறகடுப்பு, அதன்மேல் உலரும் கம்பளிக் காலுறைகள், இரவுச் சீட்டாட்டம், வாசலில் மான்களை வரிசையாகத் தொங்கவிடும் குறுக்குக் கம்பம் என்று இம்முகாமின் அங்கங்கள் மூன்று தலைமுறையாக மாறாதிருந்தன. இவ்வழியின் முதன்மைக் கலைச்சொல் ட்ரைவ் என்பது. அதாவது சிலர் காட்டின் ஒரு முனையிலிருந்து வரிசையாக நடந்து மானைக் கிளப்ப, சிலர் மறுமுனையில் குறித்த இடங்களில் காத்து நிற்றல். எவரை எங்கே நிறுத்துவது என்பதை முகாமின் மூத்தவர் முடிவு செய்வார். அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ட்ரைவில் விழுந்த மான் யாருடைய தோட்டாவால் விழுந்தது என்ற வழக்கு எழும்போது தீர்ப்பும் அவருடையதே. இவ்வழியின் பெருமை வேட்டை நுட்பத்தில் இல்லை என்று சுவடு வழியினர் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. ஆயினும், இறைச்சியைச் சமமாகப் பங்கிடுவதையும், வளரிளம் பருவத்தினருக்குத் துப்பாக்கியின் வாய் எப்போதும் எங்கே நோக்கியிருக்க வேண்டும் என்று கற்பிப்பதையும் முகாம் செய்ததுபோல் வேறெந்த வழியும் செய்யவில்லை என்பதை மாற்று வழியினரும் ஒப்புவர்.

தெற்கின் வழி நாய்வழி. விர்ஜினியா முதல் லூசியானா வரை தென்மாநிலங்கள் சிலவற்றின் குறித்த பகுதிகளில் மட்டும் இன்றும் சட்டம் இடங்கொடுக்கும் இவ்வழியில், வேட்டைக்காரர் பாதைகளின் ஓரம் பகிர்ந்து நிற்க, நாய்கள் சதுப்பிலிருந்து மானைக் கிளப்பி வரும். ஓடும் மானைச் சிதறுகுண்டுத் துப்பாக்கியால் அண்மையில் சுடுவதே முறை. குறி தவறியவரின் சட்டை வாலை அறுத்து முகாம் சுவரில் மாட்டுவதும், முதல் மானைக் கொன்ற சிறுவன் முகத்தில் அதன் குருதியைப் பூசுவதும் இவ்வழியின் சடங்குகள். தெற்குக் கரோலினாவின் முதல் அரசவைக் கவிஞராக 1934-இல் அமர்ந்த ஆர்ச்சிபால்டு ரட்லெட்ஜ் தம் ஹாம்ப்டன் பண்ணை வேட்டைகளைப் பற்றியும், வில்லியம் ஃபாக்னர் மிசிசிப்பிக் காடுகளைப் பற்றியும் எழுதியவற்றால் இவ்வழிக்கு இலக்கியத் தகுதி வாய்த்தது. வடக்கு வழிகளுக்கு அத்தகைய எழுத்தாளர் வாய்க்கவில்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. வடக்கத்தியார் பேசுவதே குறைவு என்பதும் ஒரு காரணமாகலாம்.

டெக்சாஸ் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முட்புதர் அடர்ந்த அந்நிலத்தில் நடந்து வேட்டையாடுவது கடினம் ஆதலின், புதரை நேர்க்கோடாக வெட்டித் திறந்த செண்டேரோ என்னும் நெடும்பாதையும், அதன் முனையில் உயர்த்திக் கட்டிய பெட்டிப் பரணும், குறித்த நேரத்தில் மக்காச்சோளத்தைத் தூவும் பொறியும் அங்கே இயல்பாயின. இவ்வழியை இகழ்வது வடக்கே வழக்கம் என்றாலும், மான் வேட்டைக்கு இக்காலத்தின் மிகப்பெரிய கருத்துப் புரட்சி அங்கிருந்தே வந்தது என்பதை நேர்மையுடன் பதிவு செய்ய வேண்டும். ஆல் பிரதர்ஸ், மர்ஃபி ரே என்னும் இரு காட்டுயிரியலாளர் 1975-இல் வெளியிட்ட நூல், இளங்கலைகளைச் சுடாது விட்டுப் பிணைகளைப் போதிய அளவில் குறைத்தால்தான் கூட்டம் நலமாயிருக்கும் என்று வாதிட்டது. அதைப் பற்றிக்கொண்டு ஜோ ஹாமில்டன் தெற்குக் கரோலினாவில் 1988-இல் தொடங்கிய சங்கம் நாடெங்கும் பரவி, 2020-இல் மற்றோர் அமைப்புடன் இணைந்து தேசிய மான் சங்கமாயிற்று. ஒருகாலத்தில் நாட்டில் விழுந்த கலைகளுள் பாதிக்கு மேல் ஒன்றரை வயதுக் கன்றுகளாயிருந்த நிலை மாறி, அப்பங்கு மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது இக்கருத்தின் வெற்றி.

வில்வழியின் குருபரம்பரை உறுப்பினர் அறிந்ததே: 1911-இல் கலிபோர்னியாவில் ஓரோவில் ஊருக்குள் தனியராய் வந்த யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷி, அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், போப்பின் தோழர் ஆர்தர் யங், யங்கைக் கண்டு வில்லெடுத்த ஃபிரெட் பேர். இப்பரம்பரை மேற்கில் தோன்றினாலும் வெண்வால் மானுக்கு வில்லை உரிமையாக்கியது விஸ்கான்சினே. 1934-இல் சாக், கொலம்பியா மாவட்டங்களில் வில்லுக்கென்றே தனிப்பருவம் அங்கேதான் முதலில் திறக்கப்பட்டது. பின்னாளில் அதே சாக் மாவட்டத்துப் பழுதுற்ற பண்ணையில் குடில் அமைத்து உலகறிந்த நூலொன்றை எழுதிய ஆல்டோ லியோபோல்டு தம் வில்லைத் தாமே இழைத்தவர் என்பதும், அவர் மனைவி எஸ்டெல்லா வில்வித்தையில் மாநில அளவில் வென்றவர் என்பதும் இங்கே குறிக்கத்தக்கன. கப்பிகளால் இழுவிசையைக் குறைத்துப் பிடிக்க உதவும் காம்பவுண்டு வில்லுக்கு 1969-இல் காப்புரிமை கிடைத்தது முதல் இவ்வழி பெருகியது. 2014-இல் விஸ்கான்சினில் குறுக்குவில்லுக்கு எல்லோருக்குமான பருவம் திறக்கப்பட்டபின், வில்வழி என்று எதைச் சொல்வது என்பதில் வில்லாளர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. அந்த வழக்கில் வெளியார் நுழையாதிருப்பதே முறை.

இனிச் சுவடு வழி. இக்கட்டுரையாளர் சார்ந்திருப்பது இவ்வழியே ஆதலின், இப்பகுதி சற்று நீண்டால் உறுப்பினர் பொறுத்தருள வேண்டும்.

புதுப்பனியில் ஒரு கலையின் சுவட்டைத் தேர்ந்து, அது நடந்த வழியே நடந்து, அது இருக்கும் இடத்தை அது அறியுமுன் அறிவது இவ்வழியின் சாரம். வெர்மான்ட் மாநிலத்து டக்ஸ்பரியைச் சேர்ந்த லாரி பெனுவாவும் அவர் மக்களும் பச்சைக் கட்டக் கம்பளிச் சட்டையும் பம்ப் ரைபிளுமாக இவ்வழிக்கு நாடறிந்த முகமாயினர். அவரது நூல் 1975-இல், அதாவது டெக்சாஸ் நூல் வந்த அதே ஆண்டில் வெளிவந்தது. ஒரே ஆண்டில் தெற்கும் வடக்கும் எதிரெதிர் வேதங்களை அச்சிட்டன எனலாம்: ஒன்று நிலத்தையும் கூட்டத்தையும் பேணி மானை வளர்ப்பதைப் பற்றியது, மற்றொன்று வேலியற்ற காட்டில் மானைத் தேடிச் செல்வதைப் பற்றியது.

விஸ்கான்சினின் வடகாட்டில் இவ்வழி வெர்மான்டுக்குக் கடன்படாமல் தனியே வளர்ந்தது. மரம் வெட்டும் முகாம்களில் குளிர்காலம் முழுவதும் பனியில் நடந்தவர்கள் சுவட்டைப் படிக்கத் தனியே கற்கத் தேவையிருக்கவில்லை. இக்கட்டுரையாளருக்குக் கற்பித்த ஆசிரியர் அத்தகையோரின் பேரர். சங்கத்தின் மூத்தோர் அவரை நன்கறிவர். தம் பெயர் அச்சேறுவதை அவர் எந்நாளும் விரும்பாதவர் ஆதலின் இங்கும் அது தவிர்க்கப்படுகிறது. 1894-இல் வெளிவந்த வின்செஸ்டர் நெம்புகோல் ரைபிளின் வழிவந்த ஒன்றைத் தவிர வேறு துப்பாக்கி அவரிடம் இருந்ததில்லை. அதில் தொலைநோக்கியும் இல்லை. அடர்காட்டில் ஐம்பது அடிக்கு மேல் எதுவும் தெரிவதில்லை, தெரிந்தாலும் சுடத் தேவையில்லை என்பது அவர் கொள்கை.

அவருடைய பாடம் காலடியில் தொடங்கும். கலையின் சுவட்டைப் பிணையின் சுவட்டிலிருந்து பிரித்தறியக் குளம்பின் அளவு போதாது என்றும், குளம்புக்குப் பின்மேலுள்ள சிறுகுளம்புகள் பதிவதை வைத்துக் கலை என்று முடிவுகட்டுவது புத்தகம் படித்தவர் செய்யும் பிழை என்றும் அவர் சொல்வார். மென்பனியில் இருபாலுக்கும் அவை பதியும். அகன்று விழும் அடிகள், மேலோட்டமான பனியிலும் நுனிக்குளம்பை இழுத்த கோடு, நெருங்கிய இளமரங்களுக்கிடையே நுழையாமல் கொம்புக்கு வழிதேடிச் சுற்றிப் போன போக்கு, மேய்வதற்காகப் பனியில் மூக்கை அழுத்திய இடத்தின் இருபுறமும் கொம்பு நுனிகள் குத்திய தடம், கழித்த சிறுநீர் ஒரே குழியாக இல்லாமல் நடையோடு சிந்திக் கிடப்பது ஆகிய இவை யாவும் சேர்ந்து சொன்னால்தான் அது கலை. சுவட்டின் வயதை அறிய அதன் விளிம்பை விரலால் தொட வேண்டும். மிதிபட்ட பனி இறுகிக் கட்டியாகியிருந்தால் மான் எப்போதோ போய்விட்டது, மாவுபோல் உதிர்ந்தால் அண்மையில்தான் இருக்கிறது. புழுக்கையை நசுக்கிப் பார்ப்பதும் இதன்பொருட்டே. பார்த்த மாணவரின் முகத்தை அவர் பார்ப்பார்.

அடுத்த பாடம் காற்று. காலை வெயிலில் நிலம் சூடேற மணம் சரிவில் மேலேறும், மாலையில் குளிர்ந்து கீழே வடியும் என்பது வில்லாளரும் பரணில் அமர்வோரும் அறிந்ததே எனினும், சுவடு வழியில் அதன் பயன் வேறு. படுக்கப்போகும் கலை தான் வந்த வழியைத் தானே காவல் காக்கும்பொருட்டு ஒரு வளைவிட்டுத் திரும்பி, தன் பழஞ்சுவட்டைப் பார்த்தபடி காற்றுக்குக் கீழ்த்திசையில் படுக்கும். எனவே சுவடு நேராகச் செல்வதை விட்டுத் தயங்கித் தயங்கி ஒருபுறம் சாயத் தொடங்கும்போதே, சுவட்டை விட்டுக் கண்ணை எடுத்துப் பக்கவாட்டுக் காட்டை நோக்க வேண்டும். பெரும்பாலோர் அந்தக் கணத்தில்தான் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காண்பது உயர்ந்த வெண்வால் ஒன்றே.

மூன்றாவது பாடம் தோட்டா போனபின். அடிபட்ட மான் ஓடிய வழியில் விழும் குருதியைத் தொடர்வதை இரத்தத் தடம் பிடித்தல் என்பர். நுரைத்த இளஞ்சிவப்பு நுரையீரலைக் காட்டும், கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும், பச்சை கலந்த நாற்றம் குடலைக் காட்டும். முதலாவதற்கு அரைமணி, இரண்டாவதற்கு நான்கைந்து மணி, மூன்றாவதற்கு ஓரிரவே கூடக் காத்திருக்க வேண்டும், ஏனெனில் அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்த மான் எழுந்து இன்னொரு மைல் ஓடும், துன்பமும் நீளும், இறைச்சியும் கெடும். ஆசிரியர் கடைசிக் குருதித்துளி விழுந்த இடத்தில் தம் சிவப்புக் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, அங்கிருந்தே வட்டமிட்டு அடுத்த துளியைத் தேடுவார், கிடைக்கும்வரை தேடுவார். ஒரு பருவத்தில் அவர் மூன்று நாள் தேடி, மானின் எலும்பைக் கண்டபின் தம் உரிமச்சீட்டை அதன்மேல் கட்டி, அவ்வாண்டு மேற்கொண்டு வேட்டையாடாது வீடு திரும்பினார். சட்டம் அதைக் கோரவில்லை.

கொன்ற மானின் வயதைப் பல்லைக் கொண்டு அறியும் முறையை நியூயார்க் மாநிலத்துச் செவரிங்ஹாஸ் 1949-இல் வகுத்தார் என்பதும், கீழ்த்தாடையின் மூன்றாம் முன்கடைவாய்ப்பல் மூன்று முகடுடைய பால்பல்லாக இருக்கும்வரை மான் ஒன்றரை வயதைத் தாண்டவில்லை என்பதும் உறுப்பினர் அறிவர். ஆசிரியர் தாம் கொன்ற ஒவ்வொரு மானின் தாடையையும் வேகவைத்து வெளுத்து, ஒரு தேவதாருப் பலகையில் ஆண்டுவாரியாகப் பதித்து வைத்திருந்தார். கொம்பு எதையும் அவர் சுவரில் மாட்டியதில்லை. கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது, தாடையோ மான் வாழ்ந்த கணக்கு என்பது அவர் தந்த விளக்கம்.

இவ்விடத்தில் தர அளவைப் பற்றிப் பேசலாம். இன்று பெருவழக்காயிருப்பது பூன் அண்ட் கிராக்கெட் கழகம் 1950-இல் ஏற்றுக்கொண்ட அளவுமுறை: முதன்மைத் தண்டுகளின் நீளம், கிளைகளின் நீளம், நான்கு இடங்களில் சுற்றளவு, இரு தண்டுகளுக்கிடையேயான அகலம் ஆகியவற்றை அங்குலத்தின் எட்டிலொரு பங்கு துல்லியத்தில் அளந்து கூட்டி, இருபுறமும் ஒவ்வாத அளவுக்குக் கழிப்பர், அதற்குமுன் கொம்பு அறுபது நாள் உலர வேண்டும். இயல்வடிவக் கொம்பு 170 புள்ளி பெற்றால் அக்கழகத்தின் நிலைப்பதிவில் இடம்பெறும்; வில்லாளருக்காக 1961-இல் தோன்றிய போப் அண்ட் யங் கழகத்தில் 125 போதும். அறவேட்டைக்குப் பிறந்த கழகமே அளவுநாடாவையும் தந்தது என்பது வரலாற்றின் குறும்பு.

இவ்வளவுமுறை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு ஜேம்ஸ் ஜார்டன் கதையே சான்று. விஸ்கான்சினின் டான்பரி அருகே 1914 நவம்பரில் புதுப்பனியில் பெருஞ்சுவடொன்றைத் தொடர்ந்து சென்று அவர் கொன்ற கலையின் தலையைப் பதப்படுத்தக் கொடுத்தார். பதப்படுத்துபவர் ஊர் மாறிப் போக, தலையும் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து மினசோட்டாவில் பழம்பொருள் விற்பனை ஒன்றில் மூன்று டாலருக்கு விலைபோன கொம்பு 206 1/8 புள்ளி என அளக்கப்பட்டு, கொன்றவர் யாரென்று அறியாத உலகச் சாதனையாயிற்று. அது தம்முடையதே என்று ஜார்டன் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார். 1978 டிசம்பரில் கழகம் அதை ஒப்பியபோது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1993-இல் கனடாவின் சஸ்காட்செவனில் மைலோ ஹான்சன் கொன்ற கலை 213 5/8 புள்ளியுடன் அதைக் கடந்தது. அங்குலம் அனைத்தும் பதிவேட்டில் இருக்கின்றன. ஜார்டன் அன்று சுவட்டில் கண்டது எதுவும் அதில் இல்லை.

கூட்டத்தின் நலனையே அளவாகக் கொள்ள வேண்டும் என்போரின் வாதம் இதனினும் வலிது. லியோபோல்டு ஆதரித்தபடி 1943-இல் விஸ்கான்சினில் பிணைகளையும் மறிகளையும் சுட இடங்கொடுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் அவரை ஏசுவதற்கென்றே ஒரு செய்தித்தாள் நடத்தப்பட்டது. குளிர்கால ஒதுக்கிடங்களில் மான்கள் மரப்பட்டையையும் தின்று தீர்த்துப் பட்டினியால் சாவதை நேரில் கண்டவர் அவர். 1948-இல் அவர் இறந்தபின்னும் அவ்வழக்கு ஓயவில்லை. இன்று அவர் பெயரைச் சொல்லாத மான் வேட்டைச் சங்கம் இல்லை என்றாலும், அன்று அவரை எதிர்த்தவர்களுள் முகாம் வழி மூத்தோர் பலரும் இருந்தனர் என்பதை மலர்களில் எழுதுவதில்லை.

இவ்விரு அளவுகளுக்கும் அப்பால் ஆசிரியர் வைத்திருந்த அளவு எளியது: மானைக் காணுமுன் அதைப் பற்றி வேட்டைக்காரர் எவ்வளவு அறிந்திருந்தார், அவ்வறிவைத் தம் கண்ணாலும் காலாலும் ஈட்டினாரா என்பதே. இந்த அளவில்தான் இக்காலத்தின் நிலை கவலை தருகிறது. பின்வருபவை சங்கத்து உறுப்பினர் எவரையும் குறித்தனவல்ல. பிற இடங்களில் நடப்பதாகக் கேள்விப்படுபவையே.

மரத்தில் கட்டிய பெட்டி, மான் கடக்கும்போது தானே படமெடுத்து அதை அக்கணமே கைப்பேசிக்கு அனுப்புகிறது. ட்ரெய்ல் கேமரா எனப்படும் இக்கருவியை அறிஞர் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்துவதில் குறையில்லை. ஆனால் வேட்டைக்காரர் தம் அலுவலக நாற்காலியில் அமர்ந்தபடி, இன்ன கலை இன்ன நாழிகையில் இன்ன இடத்தில் நின்றது என்று அறிந்து, அதன்பின் காட்டுக்குப் போவாராயின், அவர் அங்கே அறிய எஞ்சியிருப்பது என்ன? காடு அவருக்குச் சந்திப்புக்குக் குறித்த இடமாகிறது. அரிசோனா 2022 முதல் வேட்டைக்கு இக்கருவியையே விலக்கியது. நிகழ்நேரப் படத்தால் வழிகாட்டப்பட்டுக் கொன்ற கொம்பைப் பூன் அண்ட் கிராக்கெட் கழகமும் ஏற்பதில்லை. விதி இருக்கிறது, கேட்பார் இல்லை.

படம் வந்தபின் பெயர் வருகிறது. கோடை முழுவதும் திரையில் கண்ட கலைக்குச் செல்லப்பெயர் சூட்டி, அதன் பெயரைச் சொல்லி உரையாடி, அது அண்டைவீட்டார் நிலத்தில் விழுந்தால் திருட்டுக்கொடுத்தவர்போல் புலம்புவது இன்று வழக்கமாகிவிட்டது. காட்டில் பிறந்து காட்டில் திரியும் விலங்குக்குப் பெயர் வைப்பது அதைத் தொழுவத்துக்குக் கொண்டுவரும் முதற்படி. இரண்டாம் படி மக்காச்சோளக் குவியல். மூன்றாம் படி வேலி. பெயருள்ள மானைக் கொல்வது வேட்டையா, வளர்த்ததை அறுப்பதா என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டதற்கு அவையில் எவரும் விடை சொல்லவில்லை. முகாம்களில் ஓய்ந்த பேச்சும், பனியில் சுவடு இருந்தும் அதைப் பார்க்கக் குனியாத முதுகும், சுட்ட மானின் வயிற்றைக் கீறிக் குடலெடுக்கத் தெரியாமல் கூலிக்கு ஆள் தேடும் கையும், இரத்தத் தடம் நூறு அடியில் மங்கியவுடன் தவறிவிட்டது என்று முடிவுகட்டித் திரும்பும் காலும் யாவும் இந்தப் பெயர்சூட்டலில் தொடங்கியவை என்று சொன்னால் மிகையென்பார் உளர். மிகையன்று. பெயரை அறிந்தவர் தமக்கு மானே தெரியும் என்று எண்ணிவிடுகிறார். தெரிந்துவிட்டது என்று எண்ணியவர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். சென்ற இருபது ஆண்டுகளில் வடகாட்டில் நேர்ந்த இழப்புகள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

சோளக்குவியலைப் பற்றி மருத்துவமே பேசிவிட்டதால் இங்கு அதிகம் வேண்டாம். கொலராடோவில் 1967-இல் அடைப்பிலிருந்த மான்களிடம் முதலில் காணப்பட்ட மூளையழி நோய், வடிவு திரிந்த புரதத்தால் பரவி மானை மெலிவித்துக் கொல்வது, 2002-இல் விஸ்கான்சினின் காட்டு மான்களிடம் தென்பட்டது. எச்சிலாலும் கழிவாலும் பரவும் நோயுள்ள நாட்டில் மான்களை ஒரே குவியலில் வாய்வைக்கச் செய்வது எத்தகைய செயல் என்பதை உறுப்பினரே முடிவு செய்யலாம்.

இன்னோர் இழப்பும் உண்டு. அதற்கு வேட்டைக்காரரைக் குறைசொல்ல இயலாது. 2015 முதல் விஸ்கான்சினில் கொன்ற மானைத் தொலைபேசியிலோ இணையத்திலோ பதிவு செய்தால் போதும் என்றாயிற்று. அதற்குமுன் ஒவ்வொருவரும் மானை வண்டியிலேற்றிச் சாராயக் கடையிலோ எரிபொருள் நிலையத்திலோ இருந்த பதிவிடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே கதவோரம் நின்ற மூத்தோர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வர், குண்டு நுழைந்த இடத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமலும் இருப்பர். அந்த மௌனத்துக்கு அஞ்சியே பலர் நேராகச் சுடக் கற்றனர். இளையோர் தம் மானைத் தக்கவர் முன் வைக்க இன்று இடமில்லை. சங்கம் தன் ஆண்டுக்கூட்டத்தில் தாடைகளைக் கொண்டுவந்து காட்டும் வழக்கத்தை மீட்டால் அக்குறை ஓரளவு நீங்கும் என்பதைச் செயற்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருவது இக்கட்டுரையின் கடமை.

ஆசிரியரின் தேவதாருப் பலகை அவர் குடும்பத்தாரின் அன்பால் இப்போது சங்கத்தின் அறையில், நூலலமாரிக்கு அருகில் உள்ளது. கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான இடம் அதில் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது; அவ்வாண்டுகளில் அவர் சுவடு தொடர்ந்தார், சுடவில்லை. பழைய முகாம்களின் நாட்குறிப்பேடுகள், அதாவது எந்நாளில் எத்தனை அங்குலப் பனி, எத்திசைக் காற்று, எவர் எங்கே நின்றார், எது விழுந்தது என்று கரிக்கோலால் எழுதிய ஏடுகள், பல வீடுகளின் மேல்தளத்தில் எலி தின்னக் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் இவ்வாண்டு துப்பாக்கிப் பருவம் தொடங்குமுன் சங்கத்தில் சேர்ப்பிக்குமாறு வேண்டப்படுகிறார்கள். படியெடுத்தபின் மூல ஏடு உரியவரிடமே திருப்பித் தரப்படும்.